எழுந்து உட்கார வேண்டும் என்று கேட்டேன்

அண்ணாமலையாரை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் குமுதா. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் ஆயாவாக வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் சேகர் வேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், பவித்ரா. எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் என் உடம்பில் நடந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால் சொல்கிறேன்.

2007-ஆம் வருடம் சித்திரையில் எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. இடுப்புக்குச் சற்று மேலே, நடுமுதுகில் வலி. அங்கன்வாடியில் தண்ணீர் தூக்குவது, சோற்றுக் குண்டானை இறக்குவது, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொள்வது எல்லாம் என் வேலை. யாருக்குத்தான் முதுகு வலிக்காது என்று இருந்தேன். தைலம் தேய்த்தேன். ஒத்தடம் கொடுத்தேன். மாத்திரை வாங்கிப் போட்டேன். வேலை செய்து வரும் வலி என்றால் படுத்தால் குறையும். இந்த வலி படுத்தால்தான் ஜாஸ்தியானது. உடம்பு இளைத்தது. முகம் வெளுத்தது. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது. வெயில் காலம், சாப்பாடு இறங்கவில்லை, அதுதான் காரணம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு நாள், பிள்ளைகளுக்குச் சாதம் வடித்துவிட்டுக் குண்டானைத் தூக்கக் குனிந்தேன். முதுகுக்குள் ஏதோ மளுக்கென்றது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பிறகு உட்காரவும் முடியவில்லை. சாய்ந்துவிட்டேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று அழுதன. அவற்றுக்குப் பயம் காட்டக் கூடாது என்று சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன். கண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

திருவண்ணாமலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். எலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். முடிவு வந்தது. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அது என் முதுகெலும்பில் ஒன்றை உள்ளேயே அரித்திருக்கிறது. அரித்த எலும்பு அன்றைக்குக் குண்டானைத் தூக்கும்போது நொறுங்கியிருக்கிறது.

நோய்க்கு மாத்திரை இருக்கிறது, அதைத் தொடங்கலாம் என்றார்கள். நொறுங்கிய எலும்புக்கு என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அங்கிருந்த பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதுகை நீளமாகத் திறந்து, சதையை எலும்பிலிருந்து பிரித்துச் செய்கிற ஆபரேஷன் அது. நிறைய ரத்தம் போகும். என் உடம்பில் ரத்தமே இல்லை. புண் ஆறவும் நாளாகும், அதுவரைக்கும் புற்றுநோய் வைத்தியத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். "இந்த உடம்பு அதைத் தாங்காது. அசையாம படுக்க வைங்க. மாத்திரை வேலை செய்யுதான்னு பாப்போம்" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெரிந்ததை மறைக்காமல் சொன்னார்.

என்னை அடி அண்ணாமலையில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அவர் பெயர் மல்லிகா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கிரிவலப் பாதையை ஒட்டிக் கற்பூரம், தேங்காய் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு. கட்டிலில் மல்லாந்து படுத்தால் ஜன்னலில் மலை தெரியும்.

அந்தக் கட்டிலில்தான் என் வாழ்க்கை நின்றுபோனது. திரும்பிப் படுக்க இரண்டு பேர் வேண்டும். அண்ணி தோளைப் பிடிப்பார், பவித்ரா இடுப்பைப் பிடிப்பாள். மரத்துண்டைப் புரட்டுவது போல ஒரே அசைவில் புரட்ட வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் உயிர் போகும். சாப்பாடு படுத்தபடி. குளியல் ஈரத்துணியால். மலஜலம் கட்டிலிலேயே. பவித்ரா காலேஜுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எனக்குத் தட்டு வைத்து எடுப்பாள். மூக்கைச் சுளிக்க மாட்டாள். அது இன்னும் வலித்தது. தூக்கி வளர்த்த பிள்ளைக்கு நான் பாரமாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அண்ணியிடம் சொன்னேன்.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் வேணாம். சீக்கிரம் கூட்டிக்கச் சொல்லி அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கோங்க."

அண்ணி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பை நிறுத்தாமலே சொன்னார்: "நான் அத வேண்டமாட்டேன். வேற இன்னா வேணும்னு சொல்லு, வேண்டிகினு மலைய சுத்தி வரேன்."

அந்த நாட்களில் நான் என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டிருந்தேன். நோய் இல்லையென்று ஆக வேண்டும். டாக்டர் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மளுக்கென்ற சத்தமே கேட்காமல் போயிருக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்தைக் கேட்பேன். கேட்டு முடித்ததும் வெறுமையாக இருக்கும். மலை அப்படியே நின்றிருக்கும்.

ஐப்பசியில் இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. அண்ணி கட்டைவிரலைத் தொட்டால், எந்த விரல் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் அந்தப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் அலைய வைப்பேன், அலைந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மழை பெய்து, காலையில் மலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணி கடையைத் திறக்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். அன்றைக்கு எனக்கு நீளமாக வேண்டிக்கொள்ளத் தெம்பில்லை. சிறுபிள்ளை கேட்பது போல ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்பனே, நான் எழுந்து உட்காரணும். உட்கார்ந்து ஒரு வாய் சோறு என் கையால சாப்பிடணும். அவ்வளவுதான்." நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏனோ வாயில் வரவில்லை. கேட்டதும் மனசு லேசானது. கண்ணை மூடிக் கிடந்தேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். வயதான ஒரு அம்மா, அவர் மகன், மருமகள். நடந்து சுற்ற அந்த அம்மாவுக்கு முடியாது. ஒவ்வொரு லிங்கத்துக்கும் நிறுத்தி நிறுத்தி வந்திருக்கிறார்கள். அடி அண்ணாமலை வரும்போது அந்த அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. "பக்கத்துல எங்க அக்கா வீடுதாங்க" என்று இவர் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியாரைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த மருமகள் வாசற்படியில் நின்றார். நான் தண்ணீர் கேட்டேன். அண்ணியும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து என்னைப் புரட்டி, ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இவங்களுக்கு முதுகுல என்னங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த மருமகள் என் கால்மாட்டில் உட்கார்ந்து, கேட்காமலே என் பாதத்தைப் பிடித்தார்.

"மேல தூக்குங்க."

வலது பாதம் மேலே எழுந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. அண்ணி "ஐயோ" என்றார்.

"எத்தன நாளா இப்படி? ஒண்ணுக்குப் போறது தெரியுதா?"

"தெரியுது. கால் மட்டும் ரெண்டு நாளா."

"படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

ஸ்கேன் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் பெயர் வசந்தி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"நான் டாக்டர் இல்ல. ஆகும் ஆகாதுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா எங்க டாக்டர் முதுக முழுசாத் திறக்காம, சின்னச் சின்னத் துளை வழியா ஸ்க்ரூ போடறாரு. ரத்தம் கம்மியாத்தான் போகும். புத்துநோய்க்காரங்க ரெண்டு மூணு பேருக்குப் பண்ணி நான் கூட நின்னுருக்கேன். கால் விழ ஆரம்பிச்சிடுச்சு. இனிமே நாள் கடத்தாதீங்க. நாளைக்கே கூட்டிகினு வாங்க."

அப்போது அந்த முறை புதுசு. நாங்கள் முதலில் பார்த்த இடத்தில் அது இல்லை. அவர்கள் போனபிறகு அண்ணி என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் காலையில் என்ன கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் வேனில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் அப்படி வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "குமுதா, பள்ளம் வருது" என்று மெதுவாகக் குரல் கொடுப்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். அண்ணி என் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார்.

வசந்தி சிஸ்டர் சொன்ன அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். என் காலை, படத்தை, ரத்தப் பரிசோதனையை எல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"முதுகெலும்பு அடுக்கி வச்ச செங்கல் மாதிரிம்மா. நடுவுல ஒரு செங்கல் பொடியாயிடுச்சு. உடைஞ்ச துண்டு நரம்ப அழுத்துது. மேலயும் கீழயும் நல்லா இருக்கிற எலும்புல ஸ்க்ரூ போட்டு, ரெண்டு பக்கமும் கம்பி சொருகிடுவோம். பாரத்தக் கம்பி வாங்கிக்கும். தோல்ல விரல் நகம் அளவு வெட்டுதான். உள்ள எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே செய்வோம். நரம்பு அழுத்தற இடத்துல மட்டும் கொஞ்சம் பெரிசா ஒரு துளை போட்டு அந்தத் துண்ட எடுத்துடுவோம்."

"பண்ணினா நோய் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"போகாதும்மா. இது நோய்க்கு வைத்தியம் இல்ல. எலும்புக்கு முட்டு. நோய்க்கு மாத்திரை, கதிர் சிகிச்சை எல்லாம் தனியா நடக்கும். ஆனா நீங்க எழுந்து உட்காரலாம். நடக்கலாம்னு நம்பறேன். ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். உங்க உடம்பு ரொம்ப பலவீனமா இருக்கு."

போகாது என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதற்காகவா இத்தனை பள்ளம் தாண்டி வந்தோம்? சாகப்போகிற உடம்புக்குள் எதற்கு இரும்பு? ஊரிலிருந்து என் வீட்டுக்காரரின் சித்தப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார்.

அண்ணி மட்டும் என் பக்கத்தில் இருந்தார்.

"இன்னா குமுதா, வேணான்றியா?"

"நோய் போகாதாமே அண்ணி."

"நேத்து காலைல அண்ணாமலையார்கிட்ட நீ இன்னா கேட்ட?"

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

"நோய் போகணும்னா கேட்ட?"

"உட்காரணும்னு கேட்டேன்."

"அந்த டாக்டர் இப்ப இன்னா சொன்னாரு?"

"உட்காரலாம்னாரு."

"அப்புறம் இன்னாடி? கேட்டதத்தான குடுக்கறாரு. வாங்கிக்க. மத்தது அப்புறம் கேக்கலாம். அவரு எங்கயும் போகமாட்டாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்தால் முதுகு வலிக்கும். வலித்துக்கொண்டே சிரித்தேன். உங்க தம்பியைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்றேன்.

எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஒரு நாள் விட்டு, காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி கொண்டுவந்திருந்த விபூதியை என் நெற்றியில் இட்டார். தள்ளுவண்டி கதவுக்குள் நுழையும்போது பயம் வந்தது. மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். புரட்டும்போது வலிக்குமே என்பதுதான் என் பயம். உயிர் போகும் என்ற பயம்கூட இல்லை. முகமூடி போட்ட ஒருவர் என் கையைப் பிடித்தார். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வசந்தி சிஸ்டர். "உங்களுக்குத் தெரியறதுக்குள்ள புரட்டிடுவோம்" என்றார். அருணாசலா என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டாவது முறை சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வலி இருந்தது. ஆனால் அது வெட்டுக்காயத்தின் வலி. தோலில் எரிந்தது. எலும்புக்குள் இத்தனை மாதம் குடைந்துகொண்டிருந்த வலி இல்லை. படுத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். பழைய வலியைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண் வந்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொன்னார். கையை ஊன்றச் சொன்னார். "இப்ப வாங்க" என்றார்.

வந்தேன்.

உட்கார்ந்திருந்தேன். தலை கனத்தது. அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பாதம் இரண்டும் தரையில் பட்டன. தரை சில்லென்று இருந்தது. இடது பாதத்துக்கும் அந்தச் சில்லிப்பு கொஞ்சம் தெரிந்தது. மாதக்கணக்கில் கூரையையே பார்த்த கண்ணுக்கு, எதிர்க் கட்டில், அதில் இருந்த ஒரு அம்மா, ஜன்னல் கம்பியில் காய்ந்த துண்டு எல்லாம் நேராகத் தெரிந்தன. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அப்போது என் வீட்டுக்காரர் பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தார். கார்த்திகை தொடங்கிவிட்டது. தீபத்துக்குக் கூட்டம் வரும் நாட்கள். வேன்காரர்களுக்கு வருஷத்திலேயே அதுதான் நல்ல சவாரி. அத்தனையும் விட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"ஏங்க, வாங்க" என்றேன்.

"காபி ஆறிடும்" என்றார் அவர். கட்டிலோரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரை என் கையால் வாங்கிக் குடித்தேன். அன்று மத்தியானம் தட்டில் ரசம் சாதம் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பவித்ரா ஊட்ட வந்தாள். அவளைத் தடுத்துவிட்டு நானே பிசைந்து சாப்பிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டுக்காயம் சின்னது, அதனால் சீக்கிரம் ஆறியது. கதிர் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாத்திரைகளும் தொடர்ந்தன. அந்த மாதங்கள் சுலபமாக இருக்கவில்லை. வாந்தி, கால் எரிச்சல், தூக்கமில்லாமை எல்லாம் உண்டு. வாக்கர் பிடித்து நடந்தேன், பிறகு அண்ணி கையைப் பிடித்து, பிறகு தனியாக. இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கும். படியேறும்போது மட்டும் தெரியும்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். நோய் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அடங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். நாளைக்கு அது மறுபடி எழுந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு நான் அங்கன்வாடிக்குப் போகிறேன். குண்டானை வேறொருவர் தூக்குகிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். கோயிலுக்குப் போனால் விழுந்து கும்பிட முடியாது, முதுகு வளையாது. நின்றபடியே கும்பிடுகிறேன். முன்பெல்லாம் விழுந்த வேகத்தில் எழுந்து போய்விடுவேன். இப்போது சுவாமி முகத்தை நிதானமாகப் பார்க்கிறேன்.

உங்களில் யாருக்காவது படுத்தால் ஜாஸ்தியாகும் முதுகுவலி இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். மருந்துக்குப் போனால் நம்பிக்கை குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என் வீட்டு வாசலுக்கு அண்ணாமலையார் சூலம் ஏந்தி வரவில்லை. மாமியாரைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தார். நான் அவரை வேறு, இவரை வேறு என்று பிரித்துப் பார்க்க மாட்டேன்.

போன மாதம் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தேன். வராந்தாவில் தள்ளுவண்டியில் ஒரு பெண் படுத்திருந்தார். போளூர்ப் பக்கமாம். என் வயதுதான் இருக்கும். மறுநாள் அவருக்கும் இதே ஆபரேஷன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வசந்தி சிஸ்டர் என்னைக் காட்டி, "இவங்களுக்கும் இதேதான் பண்ணினோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் என்னை நம்பவில்லை. நடந்து வந்தவளைப் பார்த்தால் எப்படி நம்புவார்?

"நெசமாவா? கம்பி உள்ளயே இருக்குதா?" என்று கேட்டார்.

அவர் கைக்கு எட்டும்படி திரும்பி நின்றேன். முந்தானையை விலக்கி, ரவிக்கைக்குக் கீழே இருக்கும் தழும்புகள் மேல் அவர் விரலை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவசரப்படவில்லை. நானும் அசையவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"உட்கார முடியுதா?"

பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். பிறகு என் கையை விடவே இல்லை. அவர் பெயரைச் சொல்லி அண்ணாமலையாரிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அவருக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் சாந்தி.